அறைக்குள் வெந்நீர்த் தொட்டி வேண்டாம்

ஜப்பானுக்குப் போகிறவர்களின் திட்டத்தில் இப்போதெல்லாம் வெந்நீரூற்று விடுதியில் ஓர் இரவு என்பது தவறாமல் இடம்பிடித்துவிடுகிறது. டோக்கியோ, கியோட்டோ, ஃபுஜி மலை, அப்புறம் எங்காவது ஒரு மலையடிவாரத்தில் ரியோகான் எனப்படும் மரபு விடுதி. முன்பதிவுத் தளத்தைத் திறந்தால் இரண்டு வகை அறைகள் கண்ணில் படும். ஒன்றில் டாட்டாமி பாய் பதித்த அறை மட்டும்தான். குளிக்க வேண்டுமென்றால் கீழே பொதுக் குளியலறைக்குப் போக வேண்டும். இன்னொன்றில் அறையை ஒட்டிய பால்கனியிலேயே ஊற்றுநீர் நிரம்பும் தொட்டி இருக்கும். விலையும் அதற்கேற்ப ஏறும். அந்நியர்கள் நடுவே உடையில்லாமல் குளிப்பதா என்று தயங்குகிறவர்கள் கூடுதல் பணம் கொடுத்து இரண்டாவதை எடுத்துவிடுகிறார்கள். காசு கொடுத்தால் கிடைக்கிற வசதியை ஏன் விட வேண்டும் என்று கேட்டால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் என் கட்சி முதல் அறைதான். அந்த விடுதி உங்களுக்குத் தருவது ஓர் ஊர் பொதுவாகக் காப்பாற்றி வைத்திருக்கும் தண்ணீரில் ஓர் இரவுக்கான பங்கு. பயணிகள் தொந்தரவாக நினைக்கும் விதிகளில் பெரும்பாலானவை அந்தப் பொதுத்தன்மையிலிருந்து பிறந்தவை. அதைத் தனி அறைக்குள் அடைத்துவிட்டால் மிஞ்சுவது விலை உயர்ந்த வெந்நீர் மட்டுமே.

தண்ணீரிலிருந்தே தொடங்குவோம். 1948-ல் வந்த வெந்நீரூற்றுச் சட்டப்படி, நிலத்திலிருந்து வரும் நீர் வெளிப்படும் இடத்தில் 25 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் சட்டம் பட்டியலிட்டிருக்கும் 19 வகைப் பொருள்களில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவுக்கு மேல் கலந்திருக்க வேண்டும். நாடு முழுக்க இப்படி 27,000-க்கும் அதிகமான ஊற்றுகள் இருக்கின்றன. எண்ணிக்கையைக் கேட்டால் அள்ள அள்ளக் குறையாத செல்வம் என்று தோன்றும். ஆனால் ஒரு பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் வெந்நீர் பெரும்பாலும் ஒன்றோடொன்று தொடர்புள்ள ஒரே தேக்கம். ஒருவர் ஆழமாகத் துளையிட்டு மோட்டார் வைத்து இழுத்தால் பக்கத்து ஊற்றில் நீர் குறையும், சூடும் இறங்கும். போட்டி போட்டு போர்வெல் இறக்கித் தெருவிலிருந்த கிணறுகளையெல்லாம் வற்றவைத்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் சொந்த நிலமே ஆனாலும் வெந்நீருக்காகத் துளையிட மாகாண ஆளுநரின் அனுமதி வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

குன்மா மாகாணத்தில் இருக்கும் குசாட்சுவைப் பாருங்கள். ஊரின் நட்ட நடுவில், கடைவீதிகள் கூடும் இடத்தில், ஊற்று பொங்கி வருகிறது. மரத்தால் செய்த நீண்ட வாய்க்கால்கள் வழியாக அதை ஓடவிட்டு ஆறவைக்கிறார்கள். 50 டிகிரிக்கு மேல் சூடு. பிஎச் அளவு 2-ஐ ஒட்டிய கடும் அமிலம். இரும்பு ஆணியை அதில் போட்டு வைத்தால் சில நாள்களில் ஊசி போல மெலிந்துவிடும். இவ்வளவு சூட்டில் எப்படிக் குளிப்பது? பச்சைத் தண்ணீரைக் கலந்தால் சுலபமாக ஆறிவிடும், ஆனால் ஊற்றின் சத்து நீர்த்துப்போகும் என்று அந்த ஊர்க்காரர்கள் நினைத்தார்கள். அதனால் ஆறடி நீளப் பலகைகளோடு தொட்டியைச் சுற்றி வரிசையாக நின்று, பாட்டுக்கு இசைவாகத் தண்ணீரைப் புரட்டிப் புரட்டி ஆற்றினார்கள். அப்படி ஆற்றிய பிறகும் நீர் சுடத்தான் செய்யும். பழைய சிகிச்சை முறையில் நீரைக் கண்காணிக்கும் தலைவர் ஒருவர் குரல் கொடுப்பார். எல்லோரும் ஒன்றாக இறங்குவார்கள், மூன்று நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள், அவர் குரல் கொடுத்ததும் ஒன்றாக ஏறுவார்கள். ஒருவர் அசைந்தாலும் சூடான நீர் மற்றவர் தோலில் புதிதாகப் படும் என்பதால் அத்தனை கட்டுப்பாடு. அந்தப் பலகையைத் தனி ஒருவர் புரட்டித் தொட்டியை ஆற்றிவிட முடியாது. அந்தத் தண்ணீரே கூட்டத்தைக் கேட்கிறது.

இந்தக் கோணத்தில் பார்த்தால் குளியலறை விதிகள் எல்லாம் புரிந்துவிடும். உள்ளே போனதும் சுவரோரம் வரிசையாகத் தாழ்வான முக்காலிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கைஷவர், ஒரு வாளி, சோப்பு. முதலில் அங்கே உட்கார்ந்து தலை முதல் கால் வரை தேய்த்துக் கழுவ வேண்டும். நுரை ஒரு துளிகூட இல்லாமல் அலசி, முக்காலியையும் கழுவி வைத்துவிட்டு எழ வேண்டும். கையில் கொண்டுபோகும் சிறு துண்டு தொட்டி நீரில் படக் கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்கிறார்கள், இல்லையென்றால் ஓரத்துக் கல்மேல் வைக்கிறார்கள். நீளமான கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். ஊற்றுநீர் ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் வழிந்தோடும் தொட்டிகளில் பல இடங்களில் குளோரின் போடுவதில்லை. உடம்பிலும் துணியிலும் இருக்கும் அழுக்கும் சோப்பும் அடுத்தவர் குளிக்கும் நீரில்தான் சேரும். உடையோடு இறங்கக் கூடாது என்பதற்கு இதுதான் நடைமுறைக் காரணம். ஜப்பானியர்களின் விசித்திரப் பழக்கம் என்றோ, சுற்றுலாப் பயணிக்காக நடத்தும் சடங்கு என்றோ இதை எழுதுகிறவர்கள், விதியைப் பார்த்துவிட்டுத் தண்ணீரைப் பார்க்காமல் விட்டவர்கள்.

தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை ஓர் ஊர் நீதிமன்றத்திலேயே வைத்து இருபது ஆண்டுகளுக்கு மேல் சண்டை போட்டிருக்கிறது. ஹியோகோ மாகாணத்தின் வடக்கே, ஜப்பான் கடலுக்கு அருகில் இருக்கும் கினோசாகிதான் அந்த ஊர். சிறிய ஆற்றின் இரு கரையிலும் வில்லோ மரங்கள், குறுக்கே கல்பாலங்கள், ஏழு பொதுக் குளியல் இல்லங்கள். நெடுங்காலமாக விடுதிகளுக்குள் ஊற்றுநீர்க் குளியலே கிடையாது. தூங்குவது விடுதியில், குளிப்பது ஊருக்குள். 1925 மே மாதம் வந்த நிலநடுக்கமும் அதன் பின்னே பற்றிய தீயும் ஊரை அழித்தன. எல்லோரும் மறுபடி வீடு கட்டிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், 1927-ல், ஒரு விடுதி தன் விருந்தினர்களுக்காகத் தன் வளாகத்துக்குள்ளேயே ஊற்றுநீர்க் குளியல் அமைக்க முற்பட்டது. ஊர் கொதித்துப்போய் வழக்குத் தொடுத்தது. என் நிலத்தில் வரும் நீர் எனக்குத்தானே என்பது ஒரு பக்கத்து வாதம். ஒருவர் தொடங்கினால் வசதியுள்ள எல்லோரும் தொடங்குவார்கள், பொது ஊற்று வற்றும், சின்ன விடுதிகள் மூடும், தெருவில் ஆள் நடமாட்டம் போய்விடும் என்பது மறுபக்கம். போர் வந்து முடிந்த பிறகும் வழக்கு ஓயவில்லை. 1950-ல்தான் சமரசத்துக்கு வந்தது.

அந்தச் சமரசம் எனக்கு மிகவும் பிடித்த ஒரு தீர்வு. வெந்நீரின் உரிமை ஊர்ப் பொதுச்சொத்து அமைப்பிடம் இருக்கும். விடுதிகள் உள்ளே குளியல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் அளவுக்கு வரம்பு உண்டு. புதுமையைத் தடுக்கவில்லை, பொதுவையும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றைக்கும் அங்கே தங்குகிறவர்களுக்குப் பொதுக் குளியல் இல்லங்களுக்கான அனுமதிச் சீட்டை விடுதியே தருகிறது. யுகாதா என்ற மெல்லிய அங்கி உடுத்தி, மரச்செருப்பு மாட்டிக்கொண்டு, ஒரு சின்னக் கூடையில் துண்டோடு ஜனங்கள் இல்லம் இல்லமாகப் போகிறார்கள். ஊர்க்காரர்கள் இதை ஒரு வழக்காகவே சொல்வார்கள்: ரயில் நிலையம்தான் வாசல், தெருதான் நடைபாதை, விடுதிகள் அறைகள், குளியல் இல்லங்கள்தான் குளியலறை, ஊர் முழுக்க ஒரே விடுதி. இப்படிப்பட்ட ஊரில் போய், பால்கனித் தொட்டியோடு கதவைச் சாத்திக்கொண்டு ஓர் இரவைக் கழிப்பது, வாசலோடு திரும்பிவிடுவதற்குச் சமம்.

இதெல்லாம் பழைய ஊர்ப்பெருமை, வியாபாரத்துக்கு உதவாது என்று ஒருவர் சொல்லலாம். கியூஷு தீவில், குமமோட்டோ மாகாணத்தின் மலைப்பகுதியில் இருக்கும் குரோகாவா அதற்குப் பதில். 1980-களின் தொடக்கத்தில் அது யாரும் எட்டிப் பார்க்காத ஊர். கோட்டோ டெட்சுயா என்ற விடுதிக்காரர் மட்டும் பின்னாலிருந்த பாறையை உளியால் வருடக்கணக்கில் குடைந்து குகைக் குளியல் ஒன்றை அமைத்து, சுற்றிலும் காட்டு மரங்களை நட்டிருந்தார். அவர் விடுதிக்கு மட்டும் ஆள் வந்தது. அவர் தன் ரகசியத்தைப் பூட்டி வைக்கவில்லை. மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார், ஒவ்வொருவராகத் திறந்தவெளித் தொட்டி கட்டினார்கள். இடமில்லாத இரண்டு விடுதிகளால் மட்டும் கட்ட முடியவில்லை. அவர்களைக் கைவிடாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1986-ல் உள்ளூர் செடார் மரத்தை வட்டமாக அறுத்து, ஒரு கயிறு கோத்து, அனுமதி வில்லை ஒன்றை உருவாக்கினார்கள். அதை வாங்கினால் எந்த விடுதியில் தங்கினாலும் ஊரில் விரும்பிய மூன்று தொட்டிகளில் குளிக்கலாம். வில்லையில் வந்த பணத்தில் மரம் நட்டார்கள். தெருவை மறைத்துக்கொண்டிருந்த தனித்தனி விளம்பரப் பலகைகள் சுமார் 200-ஐ அகற்றி, ஒரே மாதிரியான வழிகாட்டிகளை வைத்தார்கள். மிகப் பலவீனமான இரண்டு கடைகளைக் காப்பாற்றப் போட்ட திட்டம் ஊரையே நாடறிய வைத்தது. எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் டோசிகி மாகாணத்தின் கினுகாவாவுக்குப் போகலாம். பணம் கொழித்த 1980-களில் அங்கே ஆற்றோரம் பெரிய பெரிய கான்கிரீட் ஓட்டல்கள் எழுந்தன. கடை, பாட்டுக்கூடம், நூடுல்ஸ் கடை எல்லாம் ஒரே கட்டடத்துக்குள். விருந்தினர் வெளியே கால் வைக்கத் தேவையில்லை, தெருக்கடைகள் வாடின. பொருளாதாரம் சரிந்து, கடன் கொடுத்த அஷிகாகா வங்கியும் 2003-ல் விழுந்தபோது ஓட்டல்கள் வரிசையாக மூடப்பட்டன. ஆற்றைப் பார்த்தபடி அந்தக் கூடுகள் சில இன்னும் நிற்கின்றன. சரிவுக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய கட்டடம் விழும்போது தாங்கிப்பிடிக்க ஊர் என்று ஒன்று மிஞ்சியிருக்கவில்லை என்பதுதான் குரோகாவாவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்.

இனி மறுப்புகள். முதலில் கூச்சம். இதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை. ஆற்றங்கரையிலும் அருவியிலும் கூட்டத்தோடு குளித்துப் பழகிய நமக்கும் உடையில்லாமல் என்பது பெரிய படி. மதநம்பிக்கை, அறுவைச் சிகிச்சைத் தழும்பு, உதவியாளர் இல்லாமல் குளிக்க முடியாத உடல்நிலை என்று கூச்சத்தைத் தாண்டிய காரணங்களும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு அறைத்தொட்டி ஒரு வரம்; அவர்களை நோக்கி இந்த வாதத்தை நான் வைக்கவில்லை. மற்றவர்களுக்கு நடுவழிகள் இருக்கின்றன. பெரும்பாலான ஊர்களில் ஆண், பெண் பகுதிகள் தனித்தனி. பல விடுதிகளில் குடும்பமாக ஒரு மணி நேரம் போல வாடகைக்கு எடுத்துக்கொள்ளும் தொட்டி உண்டு. முறை வைத்துப் பயன்படுத்துவதால் அதுவும் பொதுவில் ஒரு பகுதிதான். அவோமோரி மாகாணத்தில் சுகாயு என்று ஒரு பழைய இடம், பெரிய மரக்கூடத்துக்குள் இருபாலரும் குளிக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கி, குளியல் உடை அணியவும் அனுமதித்திருக்கிறார்கள். விதி இறுகிப்போன ஒன்று அல்ல. தண்ணீர் கெடாத வரைக்கும் வளைந்துகொடுக்கிறது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பொது என்று சொல்லும்போதே யாரையோ வெளியே நிறுத்துகிறோமே? நான் மெச்சிய அதே குரோகாவாவில் 2003-ல் ஓர் ஓட்டல், தொழுநோயிலிருந்து குணமாகி அரசு இல்லத்தில் வாழ்ந்த முதியவர்களுக்கு மாகாண அரசு செய்திருந்த முன்பதிவை, மற்ற விருந்தினர்களுக்குச் சங்கடம் என்று சொல்லி மறுத்தது. அந்நோயாளிகளை ஒதுக்கி வைத்த சட்டம் 1996-லேயே நீக்கப்பட்டுவிட்டது. ஓட்டலின் மன்னிப்பை அவர்கள் ஏற்க மறுத்தபோது, முன்பின் தெரியாதவர்களிடமிருந்து அவர்களுக்கு வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. அடுத்த ஆண்டு அந்த ஓட்டல் மூடப்பட்டது. குசாட்சுவின் வரலாறும் இதிலிருந்து தப்பவில்லை. அந்த அமில நீரை நம்பி வந்த தொழுநோயாளிகளை 1887-ல் ஊரின் ஓரத்தில் யுனோசாவா என்ற தனிக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். ஹொக்கைடோவின் ஒட்டாரு நகரில் ஒரு குளியல் இல்லம் வெளிநாட்டவருக்கு அனுமதியில்லை என்று பலகை வைத்தது. 2002-ல் சப்போரோ நீதிமன்றம் அதைப் பாகுபாடு என்று தீர்ப்பளித்து, வழக்குத் தொடுத்த ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் யென் வழங்கச் சொன்னது. பச்சை குத்தியவர்கள் நிலை இன்னும் முடியாத கதை. 2015-ல் ஜப்பான் சுற்றுலா முகமை நடத்திய ஆய்வில், பதில் சொன்ன விடுதிகளில் 56 சதவீதம் அவர்களை அனுமதிப்பதில்லை என்றன.

இதைப் பொதுக்குளியலுக்கு எதிரான வாதமாக எடுத்துக்கொள்ளலாமா? தனித்தொட்டி இருந்தால் யாரும் யாரையும் தடுக்கப்போவதில்லையே என்று கேட்கலாம். ஆனால் மறுக்கப்பட்ட அந்த முதியவர்கள் கேட்டது மற்றவர்களோடு சமமாக உட்காரும் இடத்தை. கதவைச் சாத்திய ஓர் அறை அவர்கள் கேள்விக்குப் பதில் ஆகாது. குளிக்கும் முன் கழுவு என்ற விதி எல்லாருக்கும் ஒன்று, அதற்குக் காரணம் தண்ணீரில் இருக்கிறது. இன்னார் இறங்கக் கூடாது என்ற விதிக்குத் தண்ணீரில் எந்தக் காரணமும் இல்லை. குணமான தொழுநோயும் பச்சை குத்திய மையும் நீரைக் கெடுப்பதில்லை. முதல் வகை விதியைக் காக்க வேண்டும், இரண்டாவதை ஒழிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகத்தான் வாழும் என்ற அவசியமில்லை. கினோசாகியின் பொது இல்லங்கள் பச்சை குத்தியவர்களையும் ஏற்கின்றன, அதனால் அங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை.

அடுத்து, சுத்தம். இங்கே நம்பிக்கை மட்டும் போதாது. 2002-ல் மியாசாகி மாகாணத்தில் ஒரு பொதுக் குளியல் வளாகத்தில் லெஜியனெல்லா கிருமி பரவி 7 பேர் இறந்தார்கள். 2004-ல், பால் போன்ற வெண்ணிற நீருக்குப் பேர்பெற்ற நகானோ மாகாணத்து ஷிராஹோனேயில், நிறம் மங்கியதை மறைக்கக் குளியல் பொடி கலந்தது வெளியே வந்து நாடே அதிர்ந்தது. அதன் விளைவாக, நீரில் வேறு தண்ணீர் கலக்கிறார்களா, சூடாக்குகிறார்களா, வடிகட்டித் திரும்பச் சுழற்றுகிறார்களா, கிருமிநாசினி போடுகிறார்களா என்பதை எழுதி ஒட்ட வேண்டும் என்ற விதி 2005-ல் வந்தது. உடை மாற்றும் அறைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கும் அந்தத் தாளைப் படியுங்கள். 2023-லும் ஃபுகுவோகா மாகாணத்தில் ஒரு பெயர்பெற்ற விடுதி, வாரம் ஒரு முறை மாற்ற வேண்டிய நீரை ஆண்டுக்கு இரண்டே தடவை மாற்றியது அம்பலமானது. தனித்தொட்டிக்கும் இதே குழாய்தான், இதே பராமரிப்புதான். பூட்டிய கதவு கிருமியைத் தடுக்காது.

விலையைப் பற்றியும் பேச வேண்டும். இரவுத் தங்கல், இரண்டு வேளைச் சாப்பாடு சேர்த்து ஒருவருக்கு 15,000 யென்னிலிருந்து 30,000 வரை என்பது சாதாரணம். அறைக்கு அல்ல, தலைக்கு. ஆறு, ஆறரை மணிக்கே இரவுச் சாப்பாடு, கேட்காமலே வரும் பத்துப் பன்னிரண்டு சிறு பாத்திரங்கள், அதில் பாதிக்கு மேல் மீன். சைவர்களுக்கு இது நிஜமான சிக்கல். காய்கறிக் குழம்பிலும் உலர்ந்த மீனைக் கொதிக்கவைத்த சாறுதான் அடிப்படை. பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்டு, செய்ய முடியும் என்று பதில் வந்த விடுதியை மட்டுமே எடுக்க வேண்டும். போன பிறகு சொன்னால் சமையற்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இந்த விருந்தும் விலையும்தான் பாரம்பரியம் என்று நினைத்துவிடக் கூடாது. விவசாயிகளும் மீனவர்களும் வேலை ஓய்ந்த காலத்தில் அரிசி, மிசோ மூட்டையோடு வந்து, விடுதி அடுப்பில் தாங்களே சமைத்து, ஏழு நாளை ஒரு சுற்று என்று கணக்கு வைத்து வாரக்கணக்கில் தங்கினார்கள். எழுத்தாளர் ஷிகா நவோயா 1913-ல் ரயிலில் அடிபட்டு உடம்பு தேற கினோசாகிக்கு வந்ததும் அப்படி வாரக்கணக்கில் தங்கத்தான். வடகிழக்கு மாகாணங்களிலும் பெப்பு நகரத்துக் கன்னாவாவிலும் அந்த வகை விடுதிகள் இன்னும் இருக்கின்றன. கன்னாவாவில் ஊற்று நீராவியிலேயே காய்கறியும் முட்டையும் வேகவைத்துக்கொள்ளலாம். சைவப் பிரச்சினையும் அங்கே தானாகத் தீர்ந்துவிடுகிறது.

விருந்தை அறைக்கே சுமந்து வரும் பணிப்பெண்களின் உழைப்பும் இந்த விலைக்குள் இருக்கிறது. காலைச் சாப்பாட்டுக்கு முன்பே தொடங்கி, நடுவே இடைவெளி விட்டு, இரவு படுக்கை விரிக்கும் வரை நீளும் வேலை; அதற்கு இளைஞர்கள் வருவதில்லை. 1980-களில் 80,000-ஐத் தாண்டியிருந்த ரியோகான்களின் எண்ணிக்கை 2017-ல் 40,000-க்கும் கீழே வந்துவிட்டது. ஆள் பற்றாக்குறையால் சாப்பாட்டையும் தங்கலையும் பிரித்து விற்கும் விடுதிகள் கூடிவருகின்றன. மரபு போய்விட்டது என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. விருந்தினர் வெளியே வந்து தெருவிலிருக்கும் சோபா நூடுல்ஸ் கடையில் சாப்பிட்டால், கினுகாவாவில் நடந்ததற்கு நேர் எதிரான காரியம் நடக்கிறது.

ஆக, தேர்ந்தெடுக்கும்போது அறையின் படங்களை விட்டுவிட்டு ஊரைப் பாருங்கள். பொதுக் குளியல் இல்லம் இருக்கிறதா, மற்ற விடுதிகளின் தொட்டிகளுக்கும் போக வழி உண்டா, இரவு நடக்கத் தெரு இருக்கிறதா, நீரை எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று பாருங்கள். முடிந்தால் வார நாளில், முடிந்தால் இரண்டு இரவு. மறுநாள் பத்து மணிக்குக் கிளம்பும்போது தரும் ரசீதில், அறைக் கட்டணத்துக்குக் கீழே, பெரும்பாலான ஊர்களில் ஆளுக்கு 150 யென் என்று ஒரு வரி தனியாக இருக்கும். குளியல் வரி அது. ஊற்றைப் பாதுகாக்கவும், சுகாதார வசதிக்கும், தீயணைப்புக்கும், சுற்றுலா வளர்ச்சிக்கும் என்று ஒதுக்கி உள்ளாட்சி வசூலிக்கிறது. பால்கனித் தொட்டியில் குளித்தவரும் அதே 150 யென்னைத்தான் கட்டுகிறார்.